ஒரே ஒருவர் பெயரில் ஒரு சட்டம்: அமெரிக்காவின் தனி நிவாரண மசோதாக்கள்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தாக்கலாகும் மசோதாக்களின் பட்டியலைப் புரட்டினால், நடுநடுவே ஒரு வகைத் தலைப்பு கண்ணில் படும்: "இன்னாருக்கு நிவாரணம் அளிக்க". தலைப்பே அவ்வளவுதான். அது நிறைவேறி அதிபரும் கையெழுத்திட்டுவிட்டால், அதில் பெயர் உள்ளவருக்கு மட்டும் பொருந்துகிற சட்டம் ஒன்று பிறந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே கஷ்டம் வந்திருந்தாலும் அவருக்கு அது உதவாது.

இப்படி ஒரு மசோதா செய்தியில் அடிபடும்போது நம் வாசகர்களுக்கு இரண்டு சந்தேகம் எழுகிறது. இது நம் மக்களவையில் வருகிற தனிநபர் மசோதாவா? ஒருவருக்குப் பணம் கொடுப்பதென்றால் அரசாங்கமே கொடுத்துவிட்டுப் போகலாமே, அதற்கு ஒரு சட்டம் எதற்கு?

முதலில் பெயர்க் குழப்பம்

இந்தியாவில் தனிநபர் மசோதா என்றால் அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவரும் மசோதா. யார் கொண்டுவருகிறார் என்பதுதான் அங்கே கணக்கு. அது நிறைவேறினால் நாடு முழுமைக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே அமைச்சர்கள் காங்கிரஸில் உட்காருவதே இல்லை, எல்லா மசோதாவையும் உறுப்பினர்கள்தான் கொண்டுவர வேண்டும். அதனால் யாருக்குப் பொருந்துகிறது என்பதை வைத்தே பிரிக்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தினால் பொதுச்சட்டம். பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கோ, ஒரு குடும்பத்துக்கோ, ஒரு நிறுவனத்துக்கோ மட்டும் பொருந்தினால் தனிச்சட்டம். இரண்டுக்கும் வரிசை எண்கூடத் தனித்தனிதான்.

தனிச்சட்டங்களில் இன்று பெரும்பாலானவை குடியேற்றம் பற்றியவை, நிரந்தரக் குடியிருப்புரிமை கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர்களுக்கானவை. இந்தக் கட்டுரை பேசுவது இன்னொரு வகையைப் பற்றி: அரசாங்கத்தால் நஷ்டப்பட்டவருக்கு, அல்லது அரசாங்கத்துக்குக் கடன்பட்டவருக்கு, பண நிவாரணம் தரும் சட்டங்கள்.

செக் எழுதினால் போதாதா?

போதாது. வழியில் இரண்டு பூட்டு இருக்கிறது.

1. அரசின் சம்மதம் இல்லாமல் அரசின் மீது வழக்குப் போட முடியாது. இங்கிலாந்து மன்னராட்சியிலிருந்து வந்த கோட்பாடு இது. மன்னர் போய்க் குடியரசு வந்த பிறகும் அமெரிக்க நீதிமன்றங்கள் இதைக் கைவிடவில்லை. எந்தெந்த விஷயத்தில் வழக்குப் போடலாம் என்று சம்மதம் தரவேண்டியது காங்கிரஸ்.

2. சட்டத்தின் மூலம் ஒதுக்கப்படாத ஒரு டாலரைக்கூடக் கருவூலத்திலிருந்து எடுக்க முடியாது. அரசியலமைப்பின் முதலாம் பிரிவு, 9ஆம் உட்பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது. தவறு தங்கள் துறையுடையது என்று அமைச்சரே ஒப்புக்கொண்டாலும், சட்டம் இடம் தராத பணத்தை அவரால் தொட முடியாது.

இரண்டு பூட்டுக்கும் சாவி காங்கிரஸிடம் இருக்கிறது. அதே அரசியலமைப்பின் முதல் திருத்தம், குறைதீர்க்கக் கோரி அரசிடம் மனுக்கொடுக்கும் உரிமையை மக்களுக்குத் தருகிறது. வழக்குப் போட வழியில்லாதவர் மனுவைத் தூக்கிக்கொண்டு தன் தொகுதி உறுப்பினரிடம் போனார். தனி நிவாரண மசோதா பிறந்தது அந்த வாசலில்தான்.

சட்டப்படி கடமை இல்லாத இடத்தில், தார்மீகக் கடன் என்று மட்டும் சொல்லிப் பொதுப்பணத்தைக் கொடுக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்தது. நியாயமும் மனசாட்சியும் சார்ந்த கடனையும் காங்கிரஸ் நாட்டின் கடனாக ஏற்கலாம் என்பது அதன் சாரம்.

மனுக்குவியலில் மூழ்கிய சபை

விடுதலைப் போரில் குதிரையைக் கொடுத்தவர், களஞ்சியத்தைப் பறிகொடுத்தவர், சம்பளம் வராத சிப்பாய் என்று முதல் காங்கிரஸ் காலத்திலிருந்தே மனுக்கள் குவிந்தன. பிரதிநிதிகள் சபை 1794இல் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது.

தபால் அதிகாரிகளின் மனுக்கள் இதில் ஒரு தனி ரகம். அரசுப் பணத்தைக் கையில் வைத்திருந்த அதிகாரி, அது திருடு போனாலும் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்பது சட்டம். 1845இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இரவில் பெட்டகத்தை உடைத்துத் தபால்தலைகளையும் பணத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள் என்றால், காலையில் அந்தக் கடன் அதிகாரியின் தலையில். அவர் மீது துளிக்கூடத் தவறில்லை என்றாலும் கணக்கைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் மேலதிகாரிக்குக் கிடையாது. காங்கிரஸ் அவர் பெயரைப் போட்டு ஒரு சட்டம் இயற்றினால்தான் விடுதலை.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு வெள்ளமே வந்தது. ஓய்வூதிய அலுவலகம் நிராகரித்த சிப்பாய்களும் விதவைகளும் நேராகக் காங்கிரஸுக்கு வந்தார்கள். உறுப்பினர்களுக்கு இது வாக்கு சேர்க்கும் வழியாகவும் ஆனது. அதிபர் குரோவர் கிளீவ்லேண்ட் தன் முதல் ஆட்சிக்காலத்தில் மட்டும் 414 மசோதாக்களைத் தடுத்தார், அவற்றில் பெரும்பகுதி தனி ஓய்வூதிய மசோதாக்கள். 1905 முதல் 1907 வரை நடந்த 59ஆவது காங்கிரஸில் தனிச்சட்டங்கள் 6,000ஐத் தாண்டின. அதே ஈராண்டில் பொதுச்சட்டங்கள் 800ஐத் தொடவில்லை.

இதில் இரண்டு கேடு இருந்தது. யார் சொல்வது உண்மை என்று சாட்சி விசாரித்து முடிவெடுக்கும் வேலைக்குச் சட்டமன்றம் ஏற்ற இடமல்ல. இரண்டாவது, செல்வாக்குள்ள உறுப்பினரைத் தெரிந்தவருக்குக் கிடைத்தது, தெரியாதவருக்குக் கிடைக்கவில்லை.

அதனால் காங்கிரஸ் ஒவ்வொரு கட்டமாகத் தன் சுமையை இறக்கி வைத்தது:

1. 1855இல் உரிமைகோரல் நீதிமன்றம் வந்தது. முதலில் அது பரிந்துரை மட்டும் செய்யலாம், பணம் தருவது காங்கிரஸின் கையில். அரசு தன் குடிமக்களுக்குத் தானே விரைந்து நீதி செய்வது கடமை என்று ஆபிரகாம் லிங்கன் 1861இல் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் வலியுறுத்தினார். 1863இல் அந்த நீதிமன்றத்துக்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் கிடைத்தது.

2. 1887இன் டக்கர் சட்டம், ஒப்பந்தம் முதலான பணக் கோரிக்கைகளுக்கு நீதிமன்றக் கதவை அகலமாகத் திறந்தது.

3. 1946இல் கூட்டரசுத் தீங்கியல் கோரிக்கைச் சட்டம் வந்தது. அரசு ஊழியரின் கவனக்குறைவால் காயமோ சேதமோ ஏற்பட்டால் அரசின் மீது வழக்குப் போடலாம். தபால் வண்டி மோதிக் காயமடைந்தவர் இனி மசோதாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடக்கூடிய கோரிக்கைகளுக்குத் தனி மசோதாவே கொண்டுவரக் கூடாது என்றும் அப்போதே தடை போட்டார்கள். ஓய்வூதியம், படைப் பணிப்பதிவுத் திருத்தம் ஆகியவற்றுக்கும் தடை. பிரதிநிதிகள் சபையின் விதிகளில் அது இன்றும் இருக்கிறது.

4. 1956இல் தீர்ப்பு நிதி ஏற்பட்டது. அரசுக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பணம் தர நிரந்தர ஒதுக்கீடு அது. இரண்டாவது பூட்டு பெருமளவு திறந்தது இதனால்தான்.

5. 1968இல் ஊழியர்களுக்குத் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் துறைகளுக்கே கிடைத்தது.

கடைசியில் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நடைமுறையில் பெரிது. கணக்குப் பிரிவு தவறான ஊதியநிலையைப் பதிந்துவிடுகிறது. ஊழியருக்கு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் பணம் வருகிறது. தணிக்கையில் அது தெரிந்ததும் மொத்தத்தையும் திருப்பிக் கேட்கிறார்கள். முன்பு இதற்குத் தனிச்சட்டம் ஒன்றே வழி. இப்போது துறையிடமே விண்ணப்பிக்கலாம், ஆனால் தவறு தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலர் தோற்பது எங்கே என்றால், "கூடுதலாக வருவது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டாமா?" என்ற கேள்வியில். சம்பளச்சீட்டில் வெளிப்படையாகத் தெரிகிற தவறைக் கண்டும் சொல்லாமல் இருந்தால், அது ஊழியரின் தவறாகக் கருதப்பட்டுத் தள்ளுபடி மறுக்கப்படும்.

மசோதாவுக்குள் என்ன எழுதியிருக்கும்?

பண நிவாரண மசோதா பெரும்பாலும் ஒரு பக்கம்தான். மரபான வடிவம் இது:

1. கருவூலச் செயலாளர், வேறெதற்கும் ஒதுக்கப்படாத பணத்திலிருந்து, இன்னாருக்கு இத்தனை டாலர் கொடுக்க அதிகாரம் பெறுகிறார், பணிக்கவும் படுகிறார். "அதிகாரம்" மட்டும் இருந்தால் கொடுக்காமலும் விடலாம். "பணிக்கப்படுகிறார்" என்று சேர்ந்தால்தான் கட்டாயம்.

2. இந்தத் தொகையோடு, குறிப்பிட்ட அந்தச் சம்பவம் தொடர்பாக அரசின் மீதான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன. இதை ஏற்றுப் பணம் வாங்கிய பிறகு, போதவில்லை என்று மறுபடி வழக்குக்குப் போக முடியாது.

3. தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் வழக்கறிஞரோ முகவரோ எடுக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் செல்லாது. மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். பழைய காலத்தில் மனுத் தரகர்கள் விதவைகளின் பணத்தில் பாதியைச் சுருட்டிக்கொண்டதன் தழும்பு இந்த வரி.

எல்லா மசோதாவும் பணம் கொடுக்கச் சொல்வதில்லை. சில, "இன்னார் இத்தனை டாலர் கடனிலிருந்து விடுவிக்கப்படுகிறார்" என்று சொல்லும். இன்னும் சில, கெடு தாண்டிவிட்ட வழக்கை விசாரிக்க மட்டும் நீதிமன்றத்துக்கு அனுமதி தரும். இந்த மூன்றாவது வகைதான் மிக நேர்மையானது என்பேன். உண்மை எது, தொகை எவ்வளவு என்பதை நீதிபதியே தீர்மானிக்கிறார், காங்கிரஸ் பூட்டைத் திறந்துவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

பொதுச்சட்டத்தில் இன்னும் இருக்கும் ஓட்டைகள்

1946 சட்டத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதில் விதிவிலக்குகள் ஏராளம்: வெளிநாட்டில் நடந்த தீங்கு, போர்ச்செயல், தபால் தொலைந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அரசின் விருப்புரிமைக்கு உட்பட்ட முடிவுகள், அதாவது எதைச் செய்வது என்று அரசே தீர்மானிக்க விடப்பட்டவை. இராணுவப் பணியின்போது ஏற்பட்ட காயத்துக்கு வீரர்கள் வழக்குப் போட முடியாது என்று 1950இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் சாத்தியது. கெடுவும் கறாரானது: சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் துறையிடம் எழுத்துமூலம் கோர வேண்டும், மறுப்புக் கடிதம் வந்தால் 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

விருப்புரிமை விலக்கின் கொடுமையை டெக்சாஸ் சிட்டி துறைமுகம் காட்டியது. 1947 ஏப்ரல் 16 அன்று, ஐரோப்பாவுக்கு அனுப்ப அரசுத் திட்டத்தில் தயாரித்த அம்மோனியம் நைட்ரேட் உரம் கப்பலில் தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ 580 பேர் மாண்டார்கள். உரத்தின் மீது பூச்சுப் பூசிய முறை, பையில் அடைத்த வெப்பநிலை, எச்சரிக்கை இல்லாமை எல்லாமே தவறு என்று விசாரணை நீதிமன்றம் சொன்னது. 1953இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில், இவையெல்லாம் திட்டமிடல் மட்டத்து முடிவுகள், வழக்கு செல்லாது என்றது. கடைசியில் 1955இல் காங்கிரஸ் ஒரு சிறப்பு நிவாரணச் சட்டம் இயற்றி, 1,394 கோரிக்கையாளர்களுக்கு ஏறக்குறைய 170 லட்சம் டாலர் கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் 8 ஆண்டு காத்திருந்தார்கள்.

தனியொரு குடும்பத்துக்கான சட்டத்துக்கு ஃபிராங்க் ஓல்சன் வழக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. இராணுவத்துக்காக உயிரியல் ஆயுத ஆய்வு செய்த விஞ்ஞானி அவர். 1953இல் உளவுத்துறையான சிஐஏ அவருக்குத் தெரியாமலேயே எல்எஸ்டி என்ற மனமயக்க போதைப்பொருளைக் கொடுத்தது. சில நாள் கழித்து நியூயார்க் ஓட்டல் ஒன்றின் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். எல்எஸ்டி விஷயமே குடும்பத்துக்கு 1975இல்தான் தெரியவந்தது. அதிபர் ஃபோர்டு நேரில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் மன்னிப்புக்குப் பின்னால் பணம் வர வேண்டுமே. வழக்குப் போட்டால் அரசு எழுப்பக்கூடிய தடைகள் பல, இறந்தவர் பணியில் இருந்தபோது நடந்தது என்பது உட்பட. ஆகவே தனி மசோதா. அரசுத் தரப்பு ஒப்புக்கொண்ட தொகை 12.5 லட்சம் டாலர். காங்கிரஸ் அதை 7.5 லட்சமாகக் குறைத்து 1976இல் நிறைவேற்றியது. அதிபரே மன்னிப்புக் கேட்ட விவகாரத்திலும் தொகையை வெட்டும் கத்தி காங்கிரஸின் கையில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே தீங்கு பலருக்கு நேர்ந்தால் காங்கிரஸ் பொதுச்சட்டமே இயற்றிவிடுவதுண்டு. அணுகுண்டுச் சோதனைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கண்டவர்கள் நீதிமன்றத்தில் தோற்ற பிறகு, 1990இல் அவர்களுக்கென ஒரு சட்டம் வந்தது. இராணுவ மருத்துவமனைகளின் சிகிச்சைத் தவறுக்குப் பாதுகாப்புத் துறையிடமே இழப்பீடு கேட்க 2019இல் வழி பிறந்தது. கூட்டமாகப் பாதிக்கப்பட்டவர்களின் குரல் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. தனியாக மாட்டிக்கொண்டவர்தான் இன்றும் தவிக்கிறார்.

மசோதா போகும் பாதை, அது நிற்கும் இடங்கள்

1. மற்ற எல்லாக் கதவையும் தட்டியிருக்க வேண்டும். துறைக்கு எழுதிய கோரிக்கை, அவர்கள் தந்த மறுப்பு, நீதிமன்ற உத்தரவு எல்லாம் கையில் இல்லாமல் போனால் குழு கோப்பைத் திறக்கவே திறக்காது. கெடுவைத் தானே தவறவிட்டவரின் நிலை இங்கே மிகவும் பலவீனம். கெடு ஏன் தவறியது, அதில் அரசின் பங்கு என்ன என்று காட்ட வேண்டும்.

2. ஓர் உறுப்பினர் முன்வர வேண்டும், வழக்கமாகச் சொந்தத் தொகுதிக்காரர். அவருக்கு இதில் கடமை ஏதும் இல்லை.

3. மசோதா நீதித்துறைக் குழுவுக்குப் போகும். குழு சம்பந்தப்பட்ட துறையிடம் அறிக்கை கேட்கும். துறை எதிர்த்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது.

4. பிரதிநிதிகள் சபையில் இதற்கென்று தனிப்பட்டியல் ஒன்று உண்டு. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அதை எடுப்பார்கள், சபாநாயகர் விரும்பினால் மூன்றாம் செவ்வாயிலும். இரு கட்சியிலும் நியமிக்கப்பட்ட ஆட்சேபகர்கள் ஒவ்வொரு மசோதாவையும் முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள். 2 உறுப்பினர் ஆட்சேபித்தால் போதும், மசோதா குழுவுக்கே திரும்பிவிடும்.

5. செனட்டில் தனிப்பட்டியல் இல்லை, ஒருமனதாக நிறைவேற்றுவதே வழக்கம். அதாவது ஒரே ஒரு செனட்டர் தலையசைக்க மறுத்தாலும் நின்றுவிடும்.

6. ஈராண்டுக் காங்கிரஸ் முடியும்போது நிறைவேறாத மசோதா காலாவதியாகும். அடுத்த காங்கிரஸில் புது எண்ணோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இடையில் அந்த உறுப்பினர் தோற்றுவிட்டால் புது ஆளைத் தேட வேண்டும்.

இதில் இன்னொரு கிளைவழி உண்டு. ஏதாவது ஒரு சபை மட்டும் தீர்மானம் போட்டு, மசோதாவைக் கூட்டரசு உரிமைகோரல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்கு அனுப்பலாம். ஒரு நீதிபதி சாட்சிகளை விசாரிப்பார், 3 நீதிபதிகள் கொண்ட குழு அதைச் சரிபார்க்கும். கோரிக்கை சட்டப்படி செல்லுமா, நியாயத்தின்படி செல்லுமா, இரண்டும் இல்லாத வெறும் கொடையா என்று அறிக்கை சொல்லும். உண்மை அறிய இதைவிட ஒழுங்கான வழி இல்லை. ஆனால் அது தீர்ப்பு அல்ல, அறிக்கை மட்டுமே. அறிக்கை சாதகமாக வந்தாலும் பணத்துக்கு இரு சபையும் மசோதாவை நிறைவேற்றியாக வேண்டும்.

இவ்வளவு தடையையும் தாண்டி வருபவை இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. அண்மைக் காலக் காங்கிரஸ்களில் ஈராண்டுக்கு ஒருசில தனிச்சட்டங்களே, சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. 1980ஆம் ஆண்டின் ஆப்ஸ்கேம் ஊழலில், குடியேற்றத் தனி மசோதாவுக்காகப் பணம் வாங்க உறுப்பினர்கள் உடன்பட்டது வெளியானதிலிருந்து, பலர் இந்தக் கருவியையே தொடத் தயங்குகிறார்கள். ஊழல் பயம் நியாயமானதுதான். ஆனால் அதன் விலையைக் கொடுப்பது, லஞ்சம் கொடுக்காத, கொடுக்கவும் இயலாத சாதாரண மனிதர்.

ஃபுளோரிடா: வழக்கில் ஜெயித்தும் மசோதா

மாநில அளவில் இந்த முறை இன்னும் உயிரோடு இருப்பதை ஃபுளோரிடாவில் பார்க்கலாம். அங்கே மாநில அரசு, பள்ளி வாரியம், நகராட்சி எதன் மீதும் கவனக்குறைவு வழக்குப் போடலாம். ஆனால் ஒரு நபருக்கு 2 லட்சம் டாலர், ஒரு சம்பவத்துக்கு மொத்தம் 3 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு. 2011 முதல் இந்த வரம்புதான் நிலவி வந்திருக்கிறது. மீதித் தொகைக்கு மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். நகராட்சி வண்டி மோதி முடமானவருக்கு ஜூரி 50 லட்சம் டாலர் வழங்கினாலும், கைக்கு வருவது 2 லட்சம். எஞ்சிய 48 லட்சத்துக்கு அவர் மசோதாவோடு தலைநகர் டாலஹாசிக்குப் போக வேண்டும்.

அங்கே சிறப்பு விசாரணையாளர் ஒருவர் வழக்கை முதலிலிருந்து விசாரிப்பார். ஜூரியின் தீர்ப்பு சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. வழக்கமான கூட்டத்தொடர் ஆண்டுக்கு 60 நாள்தான், அதற்குள் முடியாவிட்டால் அடுத்த ஆண்டு. வழக்கறிஞர் கட்டணம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு இந்த ஒவ்வோர் ஆண்டும் மருத்துவக் கடனாகவே கழிகிறது.

ஆனாலும், வேறெந்த வழியும் செய்யாத ஒன்றை இந்த முறை ஒருமுறை செய்தது. 1923 ஜனவரியில் ரோஸ்வுட் என்ற கறுப்பினத்தவர் ஊரை வெள்ளைக் கும்பல் எரித்து, மக்களைக் கொன்று விரட்டியது. அதிகாரிகள் காக்கவில்லை. வழக்குப் போடும் காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது. 70 ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் உரிமைகோரல் மசோதா வழியே வந்தார்கள். சிறப்பு விசாரணையாளர் சாட்சியங்களைக் கேட்டு, மாநிலத்துக்குத் தார்மீகக் கடன் இருக்கிறது என்று அறிக்கை தந்தார். 1994 மே மாதம் ஆளுநர் லாட்டன் சைல்ஸ் கையெழுத்திட்டார். உயிர்தப்பியவர்களுக்குத் தலா 1.5 லட்சம் டாலர், சொத்திழந்த குடும்பங்களுக்கு 5 லட்சம் டாலர் நிதி, வாரிசுகளுக்குக் கல்வி உதவித்தொகை, மொத்தம் 21 லட்சம். அன்று குழந்தைகளாகக் குளிரில் சதுப்புக் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள், கையெழுத்தான அன்று முதியவர்கள்.